மாரீஸ்வரியின் ரெண்டு சீட்டு கார்

மாரீஸ்வரி அந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தது போன் எடுக்கத்தான். தேனியில் பெரியகுளம் சாலையில் இருக்கிறது ஸ்கூல். கார் பழக வரும் பெண்கள் ஆண் மாஸ்டரோடு தனியாகப் போகக் கூச்சப்பட்டதால், துணைக்கு ஒரு பெண் இருக்கட்டும் என்று முதலாளி அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்தபடியே கிளட்ச், கியர், பிரேக் எல்லாவற்றையும் கண்ணாலேயே பழகிவிட்டாள். பிறகு லைசன்ஸ் எடுத்தாள். மாஸ்டர் வேறு ஊருக்குப் போனதும் அவளே மாஸ்டரானாள்.

டீச்சர், நர்ஸ், நகைக்கடையில் பில் போடுகிற பெண், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு இனி எனக்கென்று ஒன்று பழகுகிறேன் என்று வந்த அம்மாக்கள் என்று எத்தனையோ பேர் அவளிடம் கற்றுக்கொண்டார்கள். நேரு சிலை சிக்னலில் வண்டி அணைந்துபோய், பின்னால் பஸ் ஹாரன் அலற, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழ ஆரம்பிப்பவர்கள் உண்டு. மாரீஸ்வரி ஒருநாளும் அதட்டியதில்லை. "அழுவாதத்தா. அவன் ஹாரன்தான அடிக்கிறான், ஒன்னைய அடிக்கலையே. மெதுவா சாவியத் திருப்பு" என்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிடுவார்கள்.

அவள் புருஷன் ராஜபாண்டிக்கு ஜெயமங்கலம் பால் சொசைட்டியில் வேலை. பாலைக் குளிர வைக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்வான். பேச்சு குறைவு. யார் எது சொன்னாலும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு "சரி" என்பான். அவன் சொல்லும் சரியில் பல வகை உண்டு. எது சம்மதம், எது வருத்தம், எது சும்மா ஒப்புக்கு என்று மாரீஸ்வரிக்கு மட்டும் தெரியும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பல வருடம் மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். ஒருநாள் திரும்பி வரும்போது, பஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"போதும்ங்க. இனி நா வரல."

ஆண்டிபட்டி ஸ்டாண்டில் பஸ் நின்றதும் இறங்கிப் போய் ஒரு பொட்டலம் கொய்யாப்பழம் வாங்கிவந்து அவள் மடியில் வைத்தான். பிறகுதான் "சரி" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வலி முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இருவரும் அதன் பிறகு ஒருவருக்கொருவர் இன்னும் கொஞ்சம் பதமாக நடந்துகொண்டார்கள்.

கார் கண்ணில் பட்டது இப்படித்தான். ஸ்கூல் வண்டியில் ரேடியேட்டர் ஒழுகினால் கம்பத்துக்குத்தான் கொண்டுபோவார்கள். அங்கே ராஜா முகம்மதுவின் பட்டறை. அவனுக்கு மாரீஸ்வரியைவிட ஏழெட்டு வயது குறைவு. அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒரு தை மாதக் காலையில் ஸ்கூல் வண்டியை விட்டுவிட்டு நின்றவள், பட்டறை மூலையில் தார்ப்பாயின் கீழ் தாழ்வாக ஏதோ கிடப்பதைப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, படகா?"

ராஜா முகம்மது சிரித்துக்கொண்டே பாயை உருவினான். சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பானில் செய்தது. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. வெயிலில் சாயம் வெளிறி மேல்பக்கம் செங்கல் நிறமாகியிருந்தது.

"கூடலூர்ல ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மகன் ஆசப்பட்டு வாங்குனதுக்கா. அவரு வெளிநாடு போயிட்டாரு. அப்பாவுக்கு இதுல குனிஞ்சு ஏற முடியல. வித்துக் குடுன்னு இங்கன விட்டுட்டாக. எவனும் வாங்க மாட்டேங்கிறான்."

"ஏன்?"

"மலை ஏறுனா கொதிக்கும். தரையில தங்கம். மலைப்பாதை வந்துட்டா கோவம் வந்துரும்."

ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்குவதுபோல உள்ளே போனாள். கால் நீட்டித் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்துச் சீட்டின் கீழே, பாடம் எடுக்கும்போது தான் எந்த நேரமும் கால் வைத்திருக்க வேண்டிய இரண்டாவது பிரேக் இல்லை. மாணவி இல்லை. அவள் கையில் முழு ஸ்டியரிங் இருந்தது. ராஜா முகம்மது சாவியைக் கொடுத்தான். என்ஜின் உறுமியபோது அந்தச் சத்தம் முதுகுத் தண்டு வழியாக ஏறியது. தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ராஜபாண்டியிடம் சொன்னாள். வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்படி ஒரு வண்டியைப் பார்த்தேன் என்று மட்டும்தான் சொன்னாள்.

"உக்காந்து பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க" என்றாள். கை இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே இருந்தது.

"அப்ப வாங்கிரு" என்றான்.

வீட்டுக்கு மாடி எடுக்கச் சேர்த்த பணம் காரானது. ஜெயமங்கலம் ஊரே வந்து பார்த்தது. ராஜபாண்டியின் அக்கா கஸ்தூரியம்மாள் கெங்குவார்பட்டியிலிருந்து பஸ் ஏறியே வந்துவிட்டாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா மாரி, பின்னாடி சீட்டு எங்க?"

"கெடையாது மதினி."

"நாலு சனம் ஏற முடியாத காரு என்னத்துக்கு? ஒரு விசேசத்துக்குப் போக வேணாமா?"

கஸ்தூரியம்மாள் கெட்டவள் இல்லை. மனதில் பட்டதைக் கேட்கிறவள். ராஜபாண்டிதான் பதில் சொன்னான்.

"நாங்க ரெண்டு பேருதானக்கா."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் கஸ்தூரியம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. முந்தானையை எடுத்துக் கார்க் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். காரின் மூக்கில் விபூதி எடுத்துப் பூசிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் குமுளிக்குப் புறப்பட்டார்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று தரைப்பாதை முழுவதும் கார் வழுக்கிக்கொண்டு போனது. மலை ஏறினால் கொதிக்கும் என்று ராஜா முகம்மது சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. அவன் ரேடியேட்டரைக் கழுவிக் கொடுத்திருந்தான். மெதுவாக ஏறினால் போதும் என்று நினைத்தாள்.

லோயர் கேம்ப் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் பாதியைத் தாண்டியது. மாதா கோயில் வளைவை நெருங்கும்போது சிவப்பைத் தொட்டது. பானட்டின் இடுக்கில் ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினாள்.

"இருங்க, மேல போய் தண்ணி வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு வளைவைத் தாண்டி நடந்தாள். அதுதான் தப்பாகப் போனது. சும்மா நிற்பானேன் என்று ராஜபாண்டி பானட்டைத் தூக்கினான். கைக்குட்டையை ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டுத் திருகினான்.

"மாரி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். உரக்கக்கூட இல்லை. அவள் ஓடிவந்தபோது வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை வெந்து சிவந்திருந்தது. அவன் அதைத் தன்னுடைய கை இல்லைபோல நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு இறங்கிவந்த ஜீப் ஒன்று நின்று இருவரையும் ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் அம்மாவாசி என்ற வயதான டிரைவர். பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி தங்கள் குடிதண்ணீர் பாட்டில்களைத் திறந்து ராஜபாண்டியின் கையில் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். கம்பம் ஆஸ்பத்திரி வாசல் வரை ஊற்றினார்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. வகுப்பின் முதல் நாள் எல்லா மாணவிகளுக்கும் அவள் சொல்கிற பாடம் அது. வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அதையே நினைத்து நினைத்து அழுதாள்.

"அழுவாதத்தா" என்றான் ராஜபாண்டி, கட்டுப் போட்ட கையோடு. "ஹாரன்தான அடிக்கிறான்."

அவளுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவளே காலையில் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுப் பித்தான் போடுவாள். அவள் நெற்றி அவன் தாடைக்குக் கீழே இருக்கும். முகத்தை நிமிர்த்திப் பார்க்கமாட்டாள். காரை ராஜா முகம்மது ஆள் வைத்து இழுத்துப் போயிருந்தான். யாராவது வந்தால் கொடுத்துவிடு தம்பி என்று போனில் சொல்லிவிட்டாள். ஸ்கூல் வண்டியில் பாடம் எடுத்தாள், வந்தாள், சமைத்தாள். புதிதாக ஒன்றும் நடக்காதது போலவே இருந்தாள்.

பங்குனி பிறந்து கட்டும் அவிழ்ந்தது. கையில் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. ஒரு காலை கடைசிப் பித்தானை அவள் போடும்போது ராஜபாண்டி கேட்டான்.

"காரை விக்கப்போறியாமே. பாய் சொன்னாரு."

"ஆமா."

"நீ வித்துட்டா, நா எதுக்குக் கையச் சுட்டுக்கிட்டேன்?"

அவள் பித்தானைப் போட்டுவிட்டுக் காலரைச் சரிசெய்தாள்.

"எனக்கு ஆறிருச்சு மாரி. ஒனக்குத்தான் இன்னும் ஆறல. கம்பத்துக்குப் போவோம். அந்தக் காருக்கு என்ன செய்யணும்னு கேப்போம்."

அன்று அவன் இத்தனை பேசியதே அவளுக்கு ஆச்சரியம். போனார்கள்.

ராஜா முகம்மது பழைய ரேடியேட்டரைக் கழற்றி மேசையில் போட்டான். நெளிந்த தகடுகளுக்கு நடுவே பூச்சியும் மண்ணும் அப்பியிருந்தன. மொத்தக் கனமும் இரண்டு விரல்தான்.

"இந்த என்ஜினுக்கு இது பத்தாதுக்கா. வண்டி செஞ்சவங்க நம்ம மலைய நெனச்சுச் செய்யல. கோயம்புத்தூர்ல ரேஸ் வண்டிக்காரங்களுக்குச் சாமான் விக்கிற கடை இருக்கு. அலுமினியத்துல நல்ல கனமா வரும். ஒரு ஃபேனுக்குப் பதிலா ரெண்டு போடுவோம். தண்ணி போற ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்திருவோம். இனி வெறுந்தண்ணி கெடையாது, லேசுல கொதிக்காத கூலன்ட்தான்."

சாமான் வந்த அன்று மூன்று பேரும் பொட்டலம் பிரித்தார்கள். புது ரேடியேட்டர் வெள்ளிப் பாத்திரம்போல மின்னியது. ஹோஸ்கள் நல்ல நீல நிறம். ராஜபாண்டி ஒன்றை எடுத்து வளைத்து வளைத்துப் பார்த்தான். அதை அவன் கீழே வைக்கவே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பித்தளைச் சாமான் இருந்தது. தெர்மோஸ்டாட். கூலன்ட் எப்போது ரேடியேட்டருக்குப் போகலாம் என்று வழிவிடுவது அதுதான். அது எப்படித் திறக்கும் என்று மாரீஸ்வரி கேட்டாள். ராஜா முகம்மது ஸ்டவ்வில் டீ போடும் பாத்திரத்தை வைத்து, பழையதையும் புதியதையும் தண்ணீரில் போட்டான். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே புதியது மெல்ல வாய் திறந்தது. பழையது வெகுநேரம் இறுக்கமாகவே கிடந்தது.

"இது நம்ம அண்ணே மாதிரி" என்றான் ராஜா முகம்மது பழையதைக் காட்டி. "லேசுல வாயத் தொறக்காது."

ராஜபாண்டியே முதலில் சிரித்தான். பல வாரங்களுக்குப் பிறகு மாரீஸ்வரியும் சிரித்தாள்.

புது ரேடியேட்டர் பழைய இடத்தில் உட்காரவில்லை. தாங்கு பட்டைகளை வெட்டி, துளை போட்டு, ரப்பர் வைத்து உட்கார வைத்தார்கள். காரின் மூக்கை உயர்த்தி நிறுத்திக் கூலன்ட் ஊற்றினார்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நிற்கும்வரை ராஜா முகம்மது காத்திருந்தான். எல்லாம் முடிந்து மலைக்குப் போனார்கள்.

மறுபடியும் முள் ஏறியது.

இந்தத் தடவை மாதா கோயில் வளைவுக்கு முன்பே, இரைச்சல் பாலத்தின் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. காய்கறி லாரிக்குப் பின்னால் ஊரும்போது முள் பாதியைக் கடந்து நகர்ந்தது. மாரீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். ராஜபாண்டி வலது கையைத் தொடைக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்துவைத்திருந்தான். அவனுக்கே தெரியாமல் செய்திருக்கிறான். அவள் அடுத்த அகலமான இடத்தில் காரைத் திருப்பிவிட்டாள்.

இறங்கும் வழியில் அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. முள் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று மனம் ஒவ்வொரு வளைவாகத் திரும்பிப் பார்த்தது. பட்டறையில் இறங்கியதும் நேராகச் சொன்னாள்.

"தம்பி, வண்டி வீசி ஓடுறப்ப சூடு ஏறல. ஆளில்லாத ரோட்டுல மலை ஏறுறப்பக்கூட ஏறல. லாரி பின்னாடி ஊருறோம் பாரு, அப்பத்தான் ஏறுது."

ராஜா முகம்மது தலையைச் சொறிந்தான். "ஓடுறப்ப எதிர்காத்து போதும். ஊருறப்ப ஃபேன்தான் இழுக்கணும். ஃபேன் ஓடத்தான செய்யுது?"

ராஜபாண்டி பக்கத்து டீக்கடையில் ஒரு செய்தித்தாள் வாங்கிவந்தான். சின்னத் துண்டுகளாகக் கிழித்தான். ஃபேன்களை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்பக்கம் ஒவ்வொரு துண்டாக வைத்தான். ஃபேன் வட்டத்துக்கு நேராக வைத்த துண்டு பட்டென்று ஒட்டிக்கொண்டது. மூலைகளில் வைத்தது ஒட்டாமல் கீழே விழுந்தது.

"எங்க சொசைட்டி மிஷின்லயும் ஒருதடவ இப்பிடி ஆச்சு பாய். ஃபேனச் சுத்தி அடைச்சு ஒரு கூடு போட்டாக. அப்புறந்தான் முழுசா இழுத்துச்சு."

ராஜா முகம்மது விழுந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "பெரிய சாமான் போட்ட சந்தோசத்துல மூலைய மறந்துட்டேன்ணே. நா அடுத்து பம்ப்ப மாத்தணும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அட்டையில் அளவெடுத்து, அலுமினியத் தகட்டை வெட்டி மடக்கி, ஃபேன்களைச் சுற்றி ஒரு கூடு செய்தார்கள். ரேடியேட்டர் ஓரத்துச் சந்துகளை ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டி அடைத்தார்கள். மாரீஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மதியம் ராஜா முகம்மதுவின் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் காகிதத் துண்டுகளை வைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒட்டின. ரேடியேட்டர் முழுவதும் பழைய செய்திகள் ஒட்டிக்கொண்டு படபடத்தன.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், வேண்டுமென்றே மதியமாகப் பார்த்துக் கிளம்பினாள்.

"நா மட்டும் போய் பாத்துட்டு வாறேங்க" என்றாள்.

அவன் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

லோயர் கேம்ப்பில் ஒரு ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். தோட்டத்துக்குச் சாமான் ஏற்றிப்போகும் ஜீப். அது முக்கி முக்கி ஏறியது. ஃபேன்கள் ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. இரைச்சல் பாலம் போனது. மாதா கோயில் வளைவு வந்தது. மாரீஸ்வரி உள்ளங்கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ராஜபாண்டி வலது கையை முழங்கால் மேல் விரித்து வைத்திருந்தான். முள் அசையவில்லை.

வளைவு முடிந்ததும் ஜீப்காரர் கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னார். அவள் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தாள். சிவப்புக் கார் ஒரு பாய்ச்சலில் ஜீப்பைத் தாண்டியது. ராஜபாண்டி வாய்விட்டு "ஆத்தாடி!" என்றான். அவனோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சத்தத்தை அவனிடமிருந்து அவள் கேட்டதே இல்லை.

குமுளியில் ஓரமாக நிறுத்தி இறங்கினார்கள். என்ஜினை அணைத்த பிறகும் ஃபேன்கள் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, தானாக நின்றன. மலைக்காற்று ஈரமாக வந்தது. ராஜா முகம்மதுவுக்குப் போன் போட்டாள். "தம்பி" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பக்கம் அவன் "அல்ஹம்துலில்லாஹ், புரிஞ்சிருச்சுக்கா, வைங்க" என்றான்.

டீ குடித்துவிட்டு, அவசரமில்லாமல் மலை இறங்கினார்கள். கூடலூரில் சாலையோரக் கடையில் ராஜபாண்டி பன்னீர் திராட்சை வாங்கினான். அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். இரு பக்கமும் தென்னையும் வாழையும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அவன் ஒவ்வொன்றாகத் துடைத்து அவள் வாயில் போட்டான். விதையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

ராஜபாண்டி அவள் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினான்.

"துப்பு" என்றான். "ரோட்டப் பாத்து ஓட்டு."